எழுத்துக்கு முன் சொல்

திண்டிவனம் வட்டாரத்தில், மரக்காணத்தை அடுத்துள்ள முதலியார்குப்பம் என்னும் சிற்றூரின் பெயரை 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் தேதிக்கு முன்னர் அறிந்தவர் தமிழ்நாட்டில் மிகச் சிலரேயாவர். அன்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அவ்வூரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். விழா முடிந்தது, பந்தல் பிரிக்கப்பட்டது, பத்திரிகைகளும் வேறு விஷயங்களை நாடிச் சென்றுவிட்டன. ஆனால் அன்று அவ்வூரில் எழுந்த கேள்வி இன்னும் தீர்ந்தபாடில்லை. தமிழ்க் குழந்தை தமிழைப் பொருளுணர்ந்து வாசிக்கக் கற்பது எப்பொழுது, எவ்விதம் என்பதே அக்கேள்வி. விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளிலுள்ள தேசத் தொண்டர்கள் இதனை உபாத்தியாயர்களின் சொந்தக் காரியமென்று ஒதுக்கிவிடலாகாது. இது நாட்டின் காரியம்.

நடந்ததைச் சுருங்கக் கூறுவோம். கொள்ளை நோயின் காரணமாக 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மூடப்பட்ட பள்ளிக்கூடங்கள், ஒன்று முதல் எட்டு வகுப்புகள் வரையிலுள்ள பிள்ளைகளுக்கு 2021-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியில்தான் மீண்டும் திறக்கப்பட்டன. ஏறக்குறைய 19 மாத காலம்! முதல் வகுப்பிற் சேர்ந்த குழந்தை பள்ளியின் வாயிற்படியை மிதியாமலே இரண்டாம் வகுப்பிற்கு ஏறியது. இந்தக் குறையை ஈடுசெய்யும் பொருட்டு, மாலை 5 மணி முதல் 7 மணி வரை, ஊரிலேயே உள்ள தன்னார்வலர் ஒருவர் சுமார் 20 பிள்ளைகளைத் தெருவிலும் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் கூட்டி வைத்துக் கற்பிப்பது என்று ஏற்பாடு செய்யப்பட்டது. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. முதலில் 12 ஜில்லாக்களில் தொடங்கிய வேலை பின்னர் எங்கும் பரவிற்று. அந்தப் பன்னிரண்டில் விழுப்புரமும் ஒன்று. தன்னார்வலரிற் பெரும்பாலார் பெண்கள் என்பது கவனிக்கத்தக்கது.

பயன் விளைந்ததா? விளைந்தது. கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளாதார ஆராய்ச்சியாளர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 குழந்தைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதித்தனர். பள்ளி திறந்த சில வாரங்களில் காணப்பட்ட பெருங்குறையில் மூன்றில் இரண்டு பங்கு, அடுத்த ஆறு மாதங்களுக்குள் சரிசெய்யப்பட்டதென்று கண்டனர். அங்ஙனம் சரியானதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இம்மாலை வகுப்புகளின் பயன் என்றும் மதிப்பிட்டனர். பெரிய கட்டிடமில்லை, விலையுயர்ந்த கருவியில்லை. ஊர்ப்பெண் ஒருத்தி, ஒரு பாய், ஒரு விளக்கு, சில பாட்டு, சில கதை, சில அட்டை—இவ்வளவே. நம் ஜனங்களால் ஆகாதது ஒன்றுமில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆயினும், நோய் போயிற்று, குறையும் போயிற்று என்று நாம் மகிழ்ந்திருத்தல் தகாது. குறை கொள்ளை நோயோடு வந்ததன்று. ‘பிரதம்’ சங்கத்தார் நாடெங்கும் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று ‘அசர்’ என்னும் கல்விக் கணக்கை எடுத்து வருகின்றனர். பிள்ளையின் கையில் இரண்டாம் வகுப்புப் பாடத்தின் நிலையிலுள்ள ஒரு சிறு கதையைக் கொடுத்து வாசிக்கச் சொல்வது அவர்களது முறை. தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் அதனைத் தட்டின்றி வாசித்தவர் 2018-ஆம் ஆண்டிலேயே 100-க்கு ஏறக்குறைய 10 பேர்தான். 2022-இல் அத்தொகை 5-க்கும் கீழே சென்றது. பின்னர் ஏறியிருக்கிறது; ஆனால் ஏறிய இடமும் பழைய இடத்திற்குச் சிறிது மேலேதான். விழுப்புரம் ஜில்லாவின் நிலைமை தனியே கூறத்தக்கது. 2011-ஆம் ஆண்டு ஜனக் கணக்கின்படி, தமிழ்நாடு முழுவதிலும் 100-க்கு 80 பேர் எழுத்தறிந்தவராயிருக்க, அக்காலத்தில் கள்ளக்குறிச்சியையும் உள்ளடக்கியிருந்த இந்த ஜில்லாவில் 72 பேரே அவ்வாறிருந்தனர். எழுத்தறியாத பெற்றோர் மிகுந்த இடத்தில் பிள்ளையின் வாசிப்புக்குப் பள்ளியைத் தவிர வேறு துணை யாது?

இதனால் வரும் கேட்டினை வக்கீல் தொழில் செய்பவர் நன்கறிவர். கிரயப் பத்திரத்திலோ அடமானப் பத்திரத்திலோ கைநாட்டு வைப்பவரைப் பற்றி நாம் இங்குப் பேசவில்லை. தாம் எழுத்தறியாதவர் என்பது அவருக்குத் தெரியும். ஆதலின் பத்திரத்தைப் படித்துக் காட்டும்படி கேட்பார். சாட்சியை அழைத்து வருவார். நாம் அஞ்சுவது வேறொருவரை நினைத்து. அவர் ஐந்தாம் வகுப்பு வரை, எட்டாம் வகுப்பு வரை பள்ளிக்குச் சென்றவர். தம் பெயரை அழகாகக் கையெழுத்திடுவார். கைநாட்டு வைப்பது அவமானம் என்று எண்ணுவார். ஆனால் பத்திரத்தில் எழுதியிருப்பதை அவரால் வாசித்துப் பொருள் கொள்ள இயலாது. இயலாதென்று சொல்லிக்கொள்ளவும் வெட்கம். ஆகவே வாசியாமலே கையெழுத்திடுகிறார். சட்டம் அவரை வாசித்தவராகவே கொள்ளும். நிலம் போன பின்பு நியாயஸ்தலத்தில் வந்து, நான் அறியேன் என்று அழுதாற் பயன் என்ன? எழுத்தைக் கற்பித்து வாசிப்பைக் கற்பியாத பள்ளிக்கூடம் இத்தகைய மனிதரையே உண்டாக்குகிறது. வாக்குச் சீட்டு அவர் கையில் உண்டு. தேர்தல் அறிக்கையை வாசிக்கும் திறம் இல்லை. இத்தகையோர் மலிந்த நாட்டில் சுயராஜ்யம் என்பது பெயரளவில் நிற்கும் பொருளாகும்.

இனி, குறையின் வேர் எங்கே இருக்கிறதென்று பார்ப்போம். எழுத்திலேயே கல்வி தொடங்குகிறதென்று நம்மவர் எண்ணுகின்றனர். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 என்று கணக்கிட்டு, குழந்தையை வரிசையாக ஒப்பிக்கச் செய்கின்றனர். குழந்தையும் பாட்டுப்போல் ஒப்பித்துவிடுகிறது. நடுவிலுள்ள ஓர் எழுத்தைத் தொட்டு, ‘இது என்ன?’ என்று கேளுங்கள். முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தே அதனைக் கண்டுபிடிக்கும். நினைவிருப்பது ஓசையின் வரிசையேயன்றி எழுத்தின் வடிவமன்று. உண்மையில் கற்க வேண்டியவை 247 தனி வடிவங்களும் அல்ல. 31 அடிப்படை எழுத்துக்களும், உயிர் ஏறும் சில குறிகளும் தெரிந்தால் மிகுதி தாமே வரும். 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தால் ஒழுங்கில் அடங்காதிருந்த சில வடிவங்களும் ஒழுங்குக்குட் கொண்டுவரப்பட்டன. ‘ப, ட, ம’ என்னும் மூன்றெழுத்தையும் புள்ளியையும் கற்ற குழந்தை அன்றைக்கே ‘படம்’, ‘பட்டம்’, ‘மடம்’ என்று வாசிக்கலாம். வாசித்த மகிழ்ச்சியே அடுத்த எழுத்தைக் கேட்கச் செய்யும். முப்பது நாள் ஒப்பித்த பின்பும் ஒரு சொல்லையும் வாசியாத குழந்தைக்கு அந்த மகிழ்ச்சி எங்ஙனம் உண்டாகும்?

ஆனால் இதற்கும் முற்பட்ட ஒரு படி உண்டு. ‘பட்டம்’ என்று எழுத்துக்கூட்டிய குழந்தைக்குப் பட்டம் என்றால் இன்னதென்று முன்னமே தெரிந்திருத்தல் வேண்டும். தெரிந்த சொல்லையே எழுத்தில் அடையாளங் காணலாகும். தெரியாத சொல்லை எழுத்துக்கூட்டியது வெறும் ஓசையாகும். சொற்செல்வம் உடைய குழந்தை பாதி எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் மீதியை ஊகித்துக்கொள்கிறது. அஃதில்லாத குழந்தை ஒவ்வோர் எழுத்திலும் இடறி, வாக்கியத்தின் முடிவு வருமுன் தொடக்கத்தை மறந்துவிடுகிறது. ஆகையால் செவியே முதற் பள்ளிக்கூடம். சொல்லே முதற் பாடம். எழுத்து அதன் பின்னரே. இச்சொற்செல்வம் சேரும் காலம் பள்ளியிற் சேருமுன் உள்ள ஐந்தாண்டுகள்.

அந்தச் செல்வம் ஏழைக் குழந்தைக்கு இல்லையென்று சிலர் கூறுகின்றனர். இதனை நாம் ஒப்போம். மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்யும் தாயின் குழந்தை பாத்தி கட்டுவதையும், நீர் பாய்ச்சுவதையும், உப்பு வாருவதையும் பார்த்து வளர்கிறது. கழுவெளியின் ஓரத்திலுள்ள குழந்தை உள்ளானையும் நாரையையும் பெயர் சொல்லிக் காட்டும். விழுப்புரத்துச் சுற்றூர்களிலுள்ள உழவர் வீட்டுப் பிள்ளைக்கு ஏரி, மதகு, கலங்கல், கரணை, மல்லாட்டை என்னும் சொற்களெல்லாம் விளையாட்டுச் சொற்கள். வேனிற்காலத்தில் திரௌபதியம்மன் கோயிலிற் பாரதம் படிக்கும்போதும், இரவு முழுவதும் கூத்து நடக்கும்போதும், தாயின் மடியிற் படுத்துக்கொண்டே சபதம், வனவாசம், அஞ்ஞாதவாசம் என்னும் பெருஞ்சொற்களை அக்குழந்தை கேட்டிருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் இவற்றுள் ஒன்றையாவது கேட்பாரில்லை. குழந்தையின் வாயிலிருந்து ‘வாயப்பயம்’ என்று வந்ததும் வகுப்பு சிரிக்கிறது. அன்றைக்கு வாயை மூடிய குழந்தை அப்புறம் திறப்பதில்லை. தொண்டை மண்டலத்துப் பேச்சு அப்படித்தான் இருக்கும்; அதனை இகழ்வது தாயை இகழ்வதாகும். ‘ஆம், அம்மா சொல்லும் அந்தப் பழத்தைப் புத்தகத்தில் வாழைப்பழம் என்று எழுதுவோம்’ என்று உபாத்தியாயர் அன்போடு சொல்லிவிட்டால், குழந்தை வீட்டுச் சொல்லையும் இழவாது, நூற்சொல்லையும் பெறும். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையே உள்ள ஆற்றுக்குப் பாலம் கட்டுவதே சிறுவர் கல்வியில் முதல் வேலை. கரையில் நின்று பரிகசிப்பது கல்வியன்று.

நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்தனவே என்று சில தேசபக்தர் கேட்பர். அவற்றின் பெருமையை நாம் மறுக்கவில்லை. சர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டில் தொடங்கிய விசாரணையில், சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிக்கூடங்கள் இருந்ததாகத் தெரியவந்தது. மணலில் விரலால் எழுதுவதையும், மூத்த மாணாக்கன் இளையவனுக்குக் கற்பிப்பதையும் சென்னையிற் கண்ட ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் அதனை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், 1797-இல் புத்தகமெழுதிப் பரப்பினார். ‘சென்னை முறை’ என்று அதற்குப் பெயராயிற்று. நம் தெரு மணலிலிருந்து ஆங்கிலேயர் பாடங் கற்றனர் என்பதில் நமக்குப் பெருமைதான். ஆனால் உண்மையை மறைத்துப் பெருமை பேசுதல் தேசபக்தியாகாது. அத்திண்ணைகளிற் பெண் குழந்தைகள் மிக அரியர். தாழ்த்தப்பட்ட வகுப்புக் குழந்தைகளுக்கோ அனேகமாக இடமே இல்லை. மேலும் அங்கு மனப்பாடமே அரசு செய்தது. மணலையும், சிறுவன் சிறுவனுக்குச் சொல்லித் தருவதையும் எடுத்துக்கொள்வோம். பிரம்பையும், தீண்டாமையையும், பொருளறியாத ஒப்பிப்பையும் விட்டுவிடுவோம். முதலியார்குப்பத்துத் திண்ணையில் எல்லாக் குழந்தைகளும் ஒரே பாயில் உட்கார்ந்தனர் என்றால், அது பழைய திண்ணையினும் உயர்ந்த திண்ணையேயாம்.

மற்றொரு மயக்கமும் நம்மைப் பிடித்திருக்கிறது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தெருவுக்குத் தெரு ஆங்கில மழலையர் பள்ளிகள் தோன்றியிருக்கின்றன. கூலி வேலை செய்யும் தந்தையும் கடன் வாங்கிக் குழந்தையை அங்குச் சேர்க்கிறார். தம் பிள்ளை தம்மைப்போல் துன்புறலாகாதென்னும் அவருடைய ஆசையை நாம் குறைகூறோம். ஆங்கிலம் கற்றுப் பிழைக்கும் நாம் அங்ஙனம் குறைகூறுதல் நியாயமுமன்று. ஆனால் மூன்று வயதுக் குழந்தை, தான் கேட்டறியாத மொழியின் எழுத்தை, தான் கண்டறியாத பொருளின் படத்தோடு ஒப்பித்துக்கொண்டிருக்கிறது. அந்நேரத்தில் அது தமிழிற் பேசியிருக்கலாம், கேட்டிருக்கலாம், கதை சொல்லியிருக்கலாம். தாய்மொழியில் வாசிக்கக் கற்ற பிள்ளைக்கு இரண்டாம் மொழி எளிதாகிறது. தாய்மொழியில் வேரூன்றாத பிள்ளைக்கு இரண்டும் அரைகுறையாகின்றன. ஆங்கிலம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அடித்தளமிட்ட பின்னர் மாடி கட்டுங்கள் என்றே சொல்கிறோம்.

எழுத்தறியாத தாய் என்ன செய்வாள் என்று கேட்பாருண்டு. கதை சொல்ல எழுத்து வேண்டுவதில்லை. விடுகதை போட எழுத்து வேண்டுவதில்லை. சோறூட்டும்போது, ‘இது என்ன, அது ஏன்?’ என்னும் குழந்தையின் கேள்விக்குச் சலியாமல் விடை சொல்வதற்கும், சந்தைக்குப் போகும் வழியிற் கண்டவற்றின் பெயரைச் சொல்வதற்கும் எழுத்து வேண்டுவதில்லை. ‘சும்மா இரு’ என்னும் இரண்டு சொற்களை வீட்டிலிருந்து விலக்கினாலே பாதிக் கல்வி வந்துவிடும். படமுள்ள ஒரு கதைப் புத்தகம் வீட்டிலிருந்தால், எழுத்தறியாத தாயும் படத்தைப் பார்த்துக் கதை சொல்வாள். இரண்டாம் வகுப்பிலுள்ள அக்காள் தம்பிக்கு வாசித்துக் காட்டுவாள்.

ஆனால் முழுச் சுமையையும் தாயின் தலைமேல் ஏற்றிவிட்டுச் சர்க்கார் விலகிக்கொள்ளலாகாது. இங்குச் சட்ட நுட்பம் ஒன்றைக் கூறவேண்டும். 1950-ஆம் ஆண்டின் அரசியற் சட்டத்தில், 45-வது பிரிவானது பதினான்கு வயது நிரம்பும் வரையில் எல்லாக் குழந்தைகளுக்கும் பத்தாண்டுகளுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க முயலவேண்டுமென்று கூறிற்று. கீழ் எல்லை எதுவும் அதில் இல்லை. 2002-ஆம் ஆண்டின் 86-வது திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆனால் ஆறு வயது முதல்தான். ஆறுக்குட்பட்ட குழந்தை வெறும் வழிகாட்டு நெறியில் விடப்பட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டத்து 11-வது பிரிவும், மூன்று வயதுக்கு மேற்பட்டவர்க்குச் சர்க்கார் ஏற்பாடு செய்யலாம் என்கிறதேயன்றிச் செய்யவேண்டும் என்று கூறவில்லை. ‘லாம்’ என்னும் இரண்டெழுத்தில் நம் குழந்தைகளின் முதல் ஐந்தாண்டுகள் தொங்குகின்றன. சொற்செல்வம் சேரும் காலத்தில் உரிமையில்லை. அது சேராமற்போன பின்பு உரிமை பிறக்கிறது!

பணமில்லையென்பர். இதற்கும் விடையுண்டு. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 54,000 அங்கன்வாடிகள் இருக்கின்றன. ஒரே பணியாளர் சோறு, எடை, மருந்து, கணக்குப் புத்தகம் யாவற்றையும் பார்த்துவிட்டு மீந்த நேரத்தில் குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. மேற்கூறிய முரளிதரனும் வேறிருவரும் சேர்ந்து நடத்திய சோதனையொன்றில், தமிழ்நாட்டில் 160 அங்கன்வாடிகளில் அரைநாள் வேலைக்காகப் பின்னும் ஒரு பணியாளர் நியமிக்கப்பட்டார். கற்பிக்கும் நேரம் இருமடங்காயிற்று. ஒன்றரை ஆண்டில் அக்குழந்தைகள் மொழியிலும் கணக்கிலும் மற்ற அங்கன்வாடிக் குழந்தைகளைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தனர்; கடுமையான ஊட்டக் குறைவும் குறைந்திருந்தது. செலவினும் வரவு பன்மடங்கு என்று அவர்கள் கணக்கிட்டனர். இதனைச் செய்யாதிருப்பதே வீண் செலவு.

புத்தகத்துக்கும் பணமுண்டு. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் தோன்றி, சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக விளங்கியவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். அவருடைய மந்திரிசபையில் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாயிருந்தபோது, 1948-ஆம் ஆண்டில், சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அதுவே. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரி வசூலாகிறது. இன்று ரூபாய்க்கு 10 பைசா. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வீடுடையார் ஒவ்வொருவரும் அதனைச் செலுத்துகின்றனர். ஆனால் நூலகத்தின் பலகைகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை தொட்டுப் பார்க்கத்தக்க புத்தகம் எத்தனை? வரி செலுத்துவோர் கேட்க வேண்டிய கேள்வி இது. தம் ஊரருகே பிறந்த பெரியவரின் காலத்திற் பிறந்த சட்டத்தை, அவ்வூர்க் குழந்தைகளுக்குப் பயன்படச் செய்வதே அவருக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை. அவர் பெயரால் இன்னும் ஒரு வளைவு கட்டுவதைவிட இது மேலானது.

ஆகவே நாம் வேண்டுவன நான்கு. முதலாவது, ஒவ்வோர் அங்கன்வாடியிலும் கற்பிப்பதற்கென்றே ஒரு பணியாளரை நியமித்தல் வேண்டும். இரண்டாவது, நூலக வரியில் ஒரு குறித்த பங்கைப் படக் கதைப் புத்தகங்களுக்கென ஒதுக்கி, அவற்றை நூலகத்திற் பூட்டி வையாமல் அங்கன்வாடிகளுக்கும் வீடுகளுக்கும் சுற்றுக்கு விடுதல் வேண்டும். மூன்றாவது, உபாத்தியாயப் பயிற்சியில் வட்டாரப் பேச்சை மதித்து அதிலிருந்து நூல்மொழிக்கு அழைத்துச் செல்லும் முறையைக் கற்பித்தல் வேண்டும். நான்காவது, மூன்று வயது முதற்கொண்டு கல்வியை உரிமையாக்கும்படி சட்டத்தைத் திருத்தல் வேண்டும்.

இவை சர்க்காருக்கு. தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கூட்டம் கூட்டத் தெரிந்தவர்கள். கொடி கட்டத் தெரிந்தவர்கள். இரவோடிரவாகச் சுவரொட்டி ஒட்டத் தெரிந்தவர்கள். உங்கள் ஊரில் மூன்றாம் வகுப்பிலுள்ள பிள்ளைகள் ஐவரை அழைத்து, இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கையிற் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எத்தனை பேர் வாசிக்கின்றனர் என்று குறித்துக்கொண்டு, அதனைக் கிராம சபையில் எழுந்து நின்று சொல்லுங்கள். அடுத்த மாலை முதல் உங்கள் கட்சி மன்றத்தின் விளக்கடியில் ஒரு பாயை விரியுங்கள். கட்சி எதுவாயினும் ஆகுக. அந்தப் பாயில் உட்காரும் குழந்தை, இருபதாண்டு கழித்து ஒரு பத்திரத்தை வாசித்துப் பார்த்து, ‘இதில் நான் கையெழுத்திட மாட்டேன்’ என்று சொல்லும் துணிவு பெறுமாயின், அதுவே நாம் விரும்பும் சுயராஜ்யம்.